ஒரு பாட்டில், நாலு டம்ளர்... விருதுநகர் சோடாவை ருசித்துப் பார்ப்போமா?

“சித்தப்பா, ஒரு பலகையில ஆறு சின்ன கிளாஸ் வெச்சுக் கொடுப்பாங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு வகை பீர். ஒண்ணு கசக்கும், ஒண்ணுல காபி வாசம் வரும், இன்னொண்ணுல ஆரஞ்சுத் தோல் வாசம். ஒவ்வொரு வாய் குடிச்சு, எது நல்லாருக்குன்னு பேசிக்கிட்டிருப்போம்.”

பெங்களூரில் வேலை பார்க்கும் அண்ணன் மகன், லீவுக்கு விருதுநகர் வந்திருந்தபோது சொன்னது இது. அங்கே கடைக்குள்ளேயே காய்ச்சி விற்கும் ‘கிராஃப்ட் பீர்’ பற்றி அவன் அடுக்கிக்கொண்டே போக, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“ஏய்யா, இதுக்கு எதுக்கு பெங்களூர் போகணும்? உங்க தாத்தா சனிக்கிழமை சனிக்கிழமை இதைத்தானே செஞ்சாரு. பீர் இல்ல, கலரு!”

எனக்குச் சட்டென்று அந்தச் சனிக்கிழமைகள் ஞாபகம் வந்துவிட்டன. அப்பா சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவர். வாரச் சம்பளம். சம்பளம் வாங்கியதும் ரோட்டோரக் கடையில் ஒரு கோலி சோடா குடிப்பார். எவ்வளவு தேய்த்தாலும் போகாத அலுமினியப் பொடி நகக்கண்ணில் வெள்ளியாக மின்ன, எங்களுக்காக ஒரே ஒரு ‘கலர்’ பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

நாங்கள் நாலு பிள்ளைகள். நாலு எவர்சில்வர் டம்ளரை வரிசையாக வைத்து, கண்ணை டம்ளர் மட்டத்துக்குக் குனிந்து அளந்து ஊற்றுவார். ஒருவனுக்கு ஒரு சொட்டு கூடினாலும் வீட்டில் கலவரம்தான். ஆளுக்கு ரெண்டு மடக்குக்கு மேல் தேறாது. அதனால் அதை மடமடவென்று குடிக்க முடியாது. நாக்கில் வைத்து, மூக்கில் ஏறும் காரத்தைப் பொறுத்து, மெதுவாகத்தான் இறக்குவோம். “போன வாரம் ஆரஞ்சு நல்லாருந்துச்சா, இந்த வாரம் திராட்சை நல்லாருக்கா?” என்று அப்பா கேட்பார். எங்கள் ஓட்டைப் பொறுத்துத்தான் அடுத்த வாரத்து கலர்!

“அப்போ நாமளும் வெச்சுப் பார்த்துருவோம் சித்தப்பா” என்றான் அண்ணன் மகன். அந்தச் சனிக்கிழமையே நாள் குறித்தோம்.

‘கலர்’ பிறந்த ஊர்

தென் மாவட்டங்களில் குளிர்பானத்துக்குப் பெயரே ‘கலர்’தான். பெண் பார்க்க வந்தாலும் கலர், துக்கம் கேட்டுத் தூரத்திலிருந்து வந்தாலும் கலர். அந்தக் கலர் வரலாற்றில் விருதுநகருக்குப் பெரிய இடம் உண்டு.

1916-ம் ஆண்டு, ‘விருதுபட்டி’ என்ற பெயர் மாறாத காலத்திலேயே, பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் இங்கே ‘காளி ஏரேட்டட் வாட்டர் ஒர்க்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். அதுதான் இன்றைய ‘காளிமார்க்’. 1958-ல் அந்த நிறுவனம் ‘பவண்டோ’வைக் கொண்டுவந்தது. கோலா நிறம், திராட்சை வாசம், தொண்டையில் லேசான துவர்ப்பு. இந்த மூன்றும் சேர்ந்த அந்த ருசிக்குப் பழகிய நாக்கு வேறு எதையும் அவ்வளவு சுலபத்தில் ஏற்றுக்கொள்ளாது.

1977-ல் கோக கோலா இந்தியாவை விட்டுப் போனது. 1990-ல் பெப்சி வந்தது. 1993-ல் கோக கோலா திரும்பி வந்து, பார்லே நிறுவனத்திடமிருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்டு ஸ்பாட் என்று பெரிய பெரிய பெயர்களை எல்லாம் வாங்கிப் போட்டது. பல ஊர்களில் உள்ளூர் கலர் கம்பெனிகள் காணாமல் போயின. காளிமார்க் தாக்குப்பிடித்தது.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். அதைத் தொடர்ந்து, மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்தன. பெட்டிக்கடை ஃப்ரிட்ஜுகளில் பவண்டோவுக்கு முன்வரிசை கிடைத்தது. ‘நம்ம ஊர் கலர்’ என்று குடிப்பது அன்றைக்கு ஒரு பெருமை. எனக்கும்தான். ஆனால், ருசி தெரிந்து குடித்தேனா, ஊர்ப் பெயருக்காகக் குடித்தேனா? சனிக்கிழமைப் பரீட்சை அதைத்தான் காட்டிக்கொடுத்தது.

மொட்டை மாடிப் பரீட்சை

மொட்டை மாடியில் பாய் விரித்து, ஆளுக்கு ஐந்து சின்னக் காகித கப். அடியில் 1 முதல் 5 வரை எண். ஊற்றியது அண்ணன் மகன். எதில் என்ன இருக்கிறது என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். சாதா கோலி சோடா, இஞ்சி சோடா, பன்னீர் சோடா, பவண்டோ, ஒரு வெளிநாட்டு கோலா. இதுதான் பட்டியல். நடுவே நாக்கைச் சுத்தம் செய்ய ஒரு தட்டு பொரி, ஒரு சொம்பு தண்ணீர்.

முதல் மூன்று சுலபம். சாதா சோடாவில் ருசி என்று எதுவும் இல்லை, சுரீர் என்று குத்தும் குமிழிதான் அதன் அழகு. இஞ்சி சோடாவில் முதலில் இனிப்பு, முழுங்கிய பிறகுதான் தொண்டையில் காரம். பன்னீர் சோடா வாயருகே வரும் முன்பே கல்யாண வீட்டு வாசல் மணத்தது. (இந்தப் பன்னீர் ரோஜாப்பூ பன்னீர். வடநாட்டு நண்பர்கள் யாராவது பால்கட்டியைத் தேடினால் சொல்லிவிடுங்கள்!)

நாலாவது, ஐந்தாவது கப்பில்தான் வினை. இரண்டும் ஒரே நிறம். “ஐந்துதான் பவண்டோ. பொறந்ததுலேர்ந்து குடிக்கிறேன், எனக்குத் தெரியாதா?” என்றேன் சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு. மனைவியும் ஐந்து என்றார். மகள் யோசித்தாள். அம்மா மட்டும் குடிக்கவே இல்லை. ரெண்டு கப்பையும் மூக்கருகே கொண்டுபோய், “நாலு” என்றார்.

நாலுதான்!

நூறு வருஷப் பெருமை பேசிய நான் வெளிநாட்டு கோலாவைப் பவண்டோ என்று சொல்லிவிட்டேன். வீடே சிரித்தது. தோற்றதில் கோபம் வந்தாலும், ஏன் தோற்றேன் என்று அண்ணன் மகன் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு பாட்டிலும் ஃப்ரீசரில் உறையும் அளவுக்குக் கிடந்தவை. அவ்வளவு ஜில்லிப்பில் வாசம் மேலே எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும். எல்லாமே ‘ஜில்லுன்னு இனிப்பு’ என்ற ஒரே ருசியாகத் தெரியும். பத்து நிமிடம் விட்டு மறுபடி முகர்ந்தேன். நாலாவது கப்பில் திராட்சை வாசம் தெளிவாக எழுந்தது. இத்தனை வருஷம் நான் குடித்ததெல்லாம் பாதி பவண்டோதான்!

“உங்க தாத்தா காலத்துல ஃப்ரிட்ஜ் ஏது? பானைத் தண்ணியில போட்டு வெப்போம். அந்த வாசம் எனக்கு மறக்குமா?” என்றார் அம்மா.

கோலி எப்படி அடைத்துக்கொள்கிறது?

மகளின் சந்தேகம் வேறு. “மூடியே இல்லாம கோலிக்குண்டு எப்படிப்பா கேஸைப் பிடிச்சு வெக்குது?”

அந்த பாட்டிலை வடிவமைத்தவர் இங்கிலாந்து இன்ஜினீயர் ஹிராம் காட், 1872-ல். கழுத்துக்குள் ஒரு கோலிக்குண்டு, வாய்ப்பகுதியில் ஒரு ரப்பர் வளையம். தண்ணீரும் கேஸும் நிரப்பும்போது பாட்டில் தலைகீழாக இருக்கும். கோலி வாய்ப்பக்கம் வந்து விழும். பாட்டிலை நிமிர்த்தினாலும், உள்ளே இருக்கும் கேஸ் கோலியை மேலே தள்ளி ரப்பரோடு இறுக்கி அடைத்துவிடும். தன் பூட்டைத் தானே போட்டுக்கொள்ளும் பாட்டில்! கட்டை விரலால் அழுத்தினால் ‘டப்’பென்று கோலி உள்ளே இறங்கும். குடிக்கும்போது அது மறுபடி வாயை அடைக்காமல் இருக்கத்தான் கழுத்தில் அந்தப் பள்ளங்கள்.

சோடாவின் பூர்வீகம் பீரோடு சம்பந்தப்பட்டது என்பது இன்னொரு ஆச்சர்யம். 1767-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பீர் காய்ச்சும் ஆலைக்குப் பக்கத்தில் வசித்தார் ஜோசப் பிரீஸ்ட்லி. பீர் நொதிக்கும் தொட்டிகளின் மேல் தேங்கி நிற்கும் கார்பன் டை ஆக்ஸைடைத் தண்ணீரில் கலந்து பார்த்தார். குடிக்க இதமான, குமிழிகள் நிறைந்த தண்ணீர் கிடைத்தது. பீரில் ஈஸ்ட் உண்டாக்கும் அதே வாயுவைத்தான் சோடாவில் மெஷின் ஏற்றுகிறது.

நம் பக்கத்துப் பதநீரும் இந்தக் கதைக்குள் வரும். பனையில் கட்டும் கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் நொதிக்காமல் இனிப்பாக இருக்கும், பதநீர். தடவாவிட்டால் நொதித்துக் கள்ளாகிவிடும். ஒரே மரம், ஒரே பாளை. ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம்.

வெளியே போனால்...

வீட்டுப் பரீட்சையில் தோற்ற ரோஷத்தில், மறுநாள் குடும்பத்தோடு ஒரு சுற்று கிளம்பினோம். எந்தப் பலகாரத்தோடு எந்தச் சோடா சேரும் என்று பார்ப்பதுதான் திட்டம்.

சாத்தூர் காராச்சேவின் மிளகாய்க் காரத்துக்கு, உப்பு போட்ட எலுமிச்சை சோடா. இது எல்லாரும் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு. சிவகாசியில் வெயில் மண்டையைப் பிளந்த நேரத்தில் நன்னாரி சர்பத்தில் சோடா ஊற்றிக் குடித்தோம். வேரின் மண்வாசமும் சோடாவின் குத்தலும் அப்படி ஒரு ஜோடி. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பிறகு இனிப்புக் கலர் எதுவும் எடுபடவில்லை. அங்கே சாதா சோடாதான் ராஜா. ராத்திரி விருதுநகர் திரும்பி, மொறுமொறு எண்ணெய் பரோட்டா, சால்னா. அதற்கு மகள் பன்னீர் சோடா என்றாள், அண்ணன் மகன் இஞ்சி சோடா என்றான். வழக்கு இன்னும் முடியவில்லை.

நீங்களும் வைத்துப் பாருங்கள்

* ஒரு வகைக்கு ஆளுக்கு 50 மில்லி போதும். ஐந்து வகை குடித்தாலும் மொத்தம் 250 மில்லிதான்.
* சாதா சோடாவில் தொடங்கி, இஞ்சி, பன்னீர் என்று போய், அழுத்தமான ருசியுள்ள கோலாவைக் கடைசியில் வையுங்கள்.
* ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து சில நிமிடம் கழித்து ஊற்றுங்கள். ரொம்ப நேரம் விட்டாலும் கேஸ் போய்விடும்.
* முதலில் முகருங்கள், பிறகு குடியுங்கள். தோன்றியதை ஒரே வரியில் எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவர் எழுதியதைப் பார்க்கக் கூடாது!
* தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் இரண்டையும் பார்த்து வாங்குங்கள். 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்பதையும் லேபிளில் பாருங்கள். சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள், அதாவது 6 டீஸ்பூனுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.
* சர்க்கரை நோயாளிகளுக்கு இனிப்பில்லாத எலுமிச்சை சோடா போதும். ரத்த அழுத்தம் இருந்தால் உப்பும் வேண்டாம்.

காலி பாட்டில்

பரீட்சைக்குக் கோலி சோடா வாங்கப் போனபோது, எங்கள் தெருவில் சின்னதாக சோடா போடும் பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். “போட்டி கம்பெனியால எனக்குப் பெருசா பயமில்ல தம்பி. போன பாட்டில் திரும்பி வரமாட்டேங்குது, அதான் கவலை” என்றார். அழகுக்காக ஷோகேஸில் வைக்க எடுத்துப் போகிறார்களாம். கோலி எடுக்கப் பிள்ளைகள் உடைத்துவிடுகிறார்களாம். கண்ணாடி பாட்டில் திரும்பி வந்து, கழுவி, மறுபடி நிரம்பினால்தான் அவருக்குத் தொழில். ஒவ்வொரு பாட்டில் குறையும்போதும் அவருடைய கடையில் ஒரு சோடா நிரந்தரமாகக் குறைகிறது.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டு ஷோகேஸிலேயே ரெண்டு நிற்கின்றன.

நம்ம ஊர் சோடா வாழட்டும் என்று வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைப்பது சுலபம். மெதுவாக ருசித்துக் குடித்து, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பது அதைவிடப் பெரிய உதவி. திங்கட்கிழமை காலை, ஷோகேஸில் இருந்த ரெண்டையும் சேர்த்து எல்லா பாட்டிலையும் கூடையில் வைத்து மகள் கொண்டுபோனாள். பெரியவர் எண்ணிப் பார்த்துவிட்டு, “ரெண்டு கூடுதலா இருக்கே பாப்பா?” என்று கேட்டாராம்.

அடுத்த சனிக்கிழமைக்கு இப்போதே ஓட்டுப் போட்டாயிற்று. பன்னீர் சோடா ஜெயித்திருக்கிறது. அளந்து ஊற்றப்போவது அம்மா. பரணிலிருந்து அப்பாவின் அந்த நாலு எவர்சில்வர் டம்ளர்களையும் இறக்கிக் கழுவி வைத்திருக்கிறார்.