மோட்டார்ஹோம்: பின்னால் கட்டிய கார் கழன்ற பிறகு லைட் எரியவில்லையா? எங்கே, எப்படித் தேடுவது?

சமையலறை, படுக்கை, கழிப்பறை எல்லாம் ஒரே வண்டிக்குள். அமெரிக்காவில் கோடை விடுமுறை வந்தால் இந்த மோட்டார்ஹோம்கள்தான் நெடுஞ்சாலை முழுக்க. அங்கே இருக்கும் நம்ம ஊர் குடும்பங்களும் இப்போ இதில் கிளம்பிவிடுகிறார்கள். இவ்வளவு பெரிய வண்டியை கடைத்தெருவுக்குள் ஓட்ட முடியாது என்பதால், பலர் பின்னால் ஒரு சின்ன காரையும் கட்டி இழுத்துச் செல்வார்கள். அந்தக் காருக்கு அங்கே செல்லப்பெயர் 'டோட்'. 'இழுக்கப்பட்டது' என்பதற்கும் 'தேரை' என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே உச்சரிப்பு என்பதால் வந்த பெயர் இது.

சிக்கல் எங்கே? இணைப்புக் கம்பியின் பின் கழன்றோ, ஒயர் தரையில் உரசியோ, பிளக்கை எடுக்க மறந்து காரை நகர்த்தியோ ஒரு அசம்பாவிதம் நடந்தால், முதலில் அடிபடுவது லைட் ஒயரிங்தான். வண்டிக்கு வெளியே பெரிய சேதம் தெரியாது. ஆனால் பிரேக் லைட் எரியாது.

இதில் என்ன ஆபத்து?

காரைக் கட்டிய பிறகு மோட்டார்ஹோமின் பின்பக்க விளக்குகளை அந்தக் கார் பெரும்பாலும் மறைத்துவிடும். பின்னால் வருபவர் கண்ணில் படுவது காரின் விளக்குகள்தான். அதுவும் எரியவில்லை என்றால், பல டன் எடை பிரேக் போடுவதே அவருக்குத் தெரியாது. ஆகவே லைட் சரியாகும் வரை, குறிப்பாக இரவில், காரைக் கட்டி இழுக்கவே கூடாது. கூட ஓட்டத் தெரிந்தவர் இருந்தால் காரைக் கழற்றி தனியாக ஓட்டி வரச் சொல்லுங்கள். செலவே இல்லாத வழி இதுதான்.

முதலில் செய்ய வேண்டியது என்ன?

சாலையை விட்டு ஒதுங்கி சமதளத்தில் நிறுத்துங்கள். பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். அப்புறம் காரின் லைட் பிளக்கைக் கழற்றிவிட்டு, மோட்டார்ஹோம் லைட்டுகளை மட்டும் போட்டுப் பாருங்கள்.

மோட்டார்ஹோம் லைட் எல்லாம் ஒழுங்காக எரிந்தால், பழுது பெரும்பாலும் பின்பக்க சாக்கெட்டுக்குப் போகும் இணைப்பிலோ, இணைப்பு ஒயரிலோ, காரிலோ இருக்கும். மோட்டார்ஹோம் லைட்டும் எரியவில்லை என்றால், பழுது வண்டிக்குள்ளேயே இருக்கிறது. இந்த ஒரு சோதனையிலேயே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

இன்னொரு விஷயம். மோட்டார்ஹோமில் இரண்டு தனித்தனி 12 வோல்ட் அமைப்புகள் உண்டு. ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாம் எஞ்சின் பக்க பேட்டரியில் ஓடும். உள்ளே இருக்கும் விளக்கு, தண்ணீர் பம்ப் எல்லாம் வீட்டுப் பக்க பேட்டரியில் ஓடும். உள்ளே விளக்கு எரிகிறதே என்று பார்த்து, பின்பக்க லைட் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஃபியூஸ் போயிருந்தால்?

தரையில் உரசிய ஒயரின் மேல்தோல் உரிந்து, உள்ளே இருக்கும் செம்பு இரும்பிலோ பக்கத்து ஒயரிலோ பட்டால் ஷார்ட் ஆகி ஃபியூஸ் போகும். அது போனதால்தான் ஒயர் தப்பித்தது.

அதே அளவு ஃபியூஸ் போடுங்கள். மறுபடியும் உடனே போனால் ஷார்ட் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று அர்த்தம். '15 ஆம்பியர் நிக்கல, 30 போட்டுடலாம்' என்ற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். அப்போ ஃபியூஸுக்கு முன்னால் ஒயர் உருகும். மரமும் பிளாஸ்டிக்கும் நிறைந்த வண்டியில் அது தீ விபத்தில் போய் முடியலாம்.

ஃபியூஸ் நல்லா இருந்தும் எரியவில்லையா?

பின்பக்க சாக்கெட்டில் டெஸ்ட் லைட்டை வைத்துப் பாருங்கள். பார்க் லைட், இடது இண்டிகேட்டர், வலது இண்டிகேட்டர், பிரேக் என ஒவ்வொன்றாக ஒருவர் போட, இன்னொருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும்.

ஒயர் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். தட்டையான 4 முனை பிளக்கில் வெள்ளை கிரவுண்ட், பழுப்பு பார்க் லைட், மஞ்சள் இடது, பச்சை வலது என்பது பொதுவான வழக்கம். ஆனால் 7 முனை சாக்கெட்டில் டிரெய்லர் தயாரிப்பாளர்கள் ஒரு நிற வரிசையும், மோட்டார்ஹோம் தயாரிப்பாளர்கள் இன்னொரு வரிசையும் பயன்படுத்துவது உண்டு. ஒன்றில் பார்க் லைட்டுக்குப் பழுப்பு, மற்றொன்றில் பச்சை. எந்த முனையில் எது வருகிறது என்று சோதித்த பிறகே ஒயரை இணைக்க வேண்டும்.

சாக்கெட்டில் கரண்ட் வரவில்லை என்றால், கன்வெர்ட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க டிரெய்லர் ஒயரிங்கில் பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் ஒரே ஒயர். மோட்டார்ஹோமில் இரண்டும் தனித்தனியாக இருந்தால், சேர்த்து அனுப்புவது இந்தச் சின்னப் பெட்டிதான். ஷார்ட் ஆனால் இதுவும் போகக்கூடும். உள்ளே கரண்ட் போகிறது, வெளியே வரவில்லை என்றால் பெட்டியை மாற்ற வேண்டியதுதான்.

லைட் மங்கலாக, தாறுமாறாக எரிகிறதா?

இடது இண்டிகேட்டர் போட்டால் இரண்டு பக்கமும் மினுக்குகிறது, பிரேக் போட்டால் பார்க் லைட் அணைகிறது என்றால், முதல் சந்தேகம் கிரவுண்ட் ஒயர் மேல்தான். திரும்பிப் போக வழி கிடைக்காத கரண்ட், மற்ற பல்புகள் வழியாகப் போவதால் வரும் குழப்பம் இது. இணைப்புக் கம்பி இரும்புதானே, அது வழியாக கிரவுண்ட் கிடைத்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். வெள்ளை ஒயரின் இரு முனைகளையும், அது பாடியில் சேரும் போல்ட்டையும் துருவைச் சுரண்டி இறுக்குங்கள்.

மறக்கக் கூடாத ஒன்று

கார் கழன்றால் தானாக பிரேக் பிடிக்க, பல வண்டிகளில் ஒரு சின்னக் கேபிளும் பின்னும் இருக்கும். கழன்றபோது அந்தப் பின் வெளியே வந்திருக்கும். அதை மறுபடி செருகாமல் இழுத்தால் காரின் பிரேக் பிடித்தபடியே ஓடிச் சூடாகிவிடும்.

நிரந்தரத் தீர்வு என்ன?

உரசிய ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது அன்றைக்கு மட்டும்தான் தாங்கும். மழைத்தண்ணீர் உள்ளே இறங்கினால் செம்பு பச்சை பூத்துவிடும். நல்ல ஒயர் வரும்வரை வெட்டி, சூட்டில் சுருங்கும் உறையுள்ள கனெக்டர் போடுங்கள். பிளக் நசுங்கியிருந்தால் முழு கேபிளையும் மாற்றுவதே நல்லது. புதுக் கேபிள் திருப்பத்தில் இழுபடாத அளவு நீளமாகவும், தரையைத் தொடாத அளவு உயரமாகவும் இருக்க வேண்டும்.

வழியில் கடை இல்லை என்றால், காந்தத்தில் ஒட்டும் தற்காலிக டோ லைட் ஒரு ஜோடி கைவசம் இருப்பது உதவும். காரின் மேல் ஒட்டி, ஒயரை மோட்டார்ஹோம் சாக்கெட்டில் செருகினால் போதும். ஆனால் அந்த சாக்கெட்டில் கரண்ட் வந்தால்தான் இதுவும் எரியும்.

கிளம்பும் முன் ஒருமுறை, ஒருவர் ஸ்டியரிங்கில் உட்கார, ஒருவர் பின்னால் நின்று எல்லா லைட்டையும் பாருங்கள். இரண்டு நிமிஷ வேலைதான்.