டம்ஃபு கேட்கிறது, தாமங் கேட்கவில்லை

நேபாளத்தில் 2021இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கின்படி தாமங் மக்கள் 16,39,866 பேர். நாட்டின் ஐந்தாவது பெரிய சமூகம். காத்மாண்டு பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள ரசுவா, நுவாகோட், சிந்துபால்சோக், காவ்ரே மலைகள்தான் தாயகம். தை மாதத்தையொட்டி வரும் அவர்களின் புத்தாண்டான சோனம் லோசாருக்கு அரசு விடுமுறை உண்டு. தலைநகரின் துண்டிகேல் மைதானம் நிரம்பும். டம்ஃபு என்னும் ஒருமுகப் பறையின் ஓசை எங்கும் கேட்கும். இந்தப் பண்பாட்டுக்கு என்ன ஆபத்து என்றுதான் தோன்றும்.

அதே கணக்கெடுப்பில் தாமங்கைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 14,23,075 பேர். முந்தைய கணக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தாமங் மக்களில் இவர்கள் 2001இல் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு, 2011இல் எண்பத்தெட்டு, 2021இல் எண்பத்தேழு. கடைசிப் பத்தாண்டில் சரிவு குறைந்துவிட்டதே என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் கணக்கெடுப்பவர் எழுதிக்கொள்வது தாய்மொழியின் பெயரை. அந்த மொழியில் பிள்ளையிடம் பேசுகிறார்களா என்பதை அல்ல.

சடங்குகளில் இந்தச் சரிவு ஒரே அளவில் விழாது. லாமாவுக்குத் திபெத்திய நூல்கள் இருக்கின்றன. இறந்தவருக்குச் செய்யும் கேவா சடங்கை அவர் ஏட்டைப் பார்த்து ஓதிவிடுவார். சாமியாடியான போம்போவுக்கு ஏடு கிடையாது. நோயுற்றவரின் வீட்டில் இரவெல்லாம் பறையடித்துத் தெய்வங்களைத் தேடிப் பயணம் போகிறார். போகும் வழியில் உள்ள ஊர்களையும் மலைகளையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கடக்கிறார். ஆந்திராஸ் ஹோஃபர் என்ற ஆய்வாளர் மேற்குத் தாமங் பகுதியில் இத்தகைய ஓதல்களைப் பதிவு செய்து நூலாக்கினார். அப்படி அச்சேறாத ஓதல்கள் எல்லாம் ஆட்களின் நினைவில்தான் இருக்கின்றன.

தாம்பாவின் நிலையும் அதுவே. கல்யாணத்தில் டம்ஃபு அடித்து, குலங்களின் தோற்றத்தைப் பாடுகிறவர் அவர். வெறும் பாட்டு என்று ஒதுக்க முடியாது. மாமன் மகளையோ அத்தை மகளையோ மணப்பது தாமங் வழக்கம். தமிழ் வாசகருக்கு இதில் வியப்பிருக்காது. ஒரே குலத்துக்குள் மணம் கூடாது, உடன்பிறப்பாகக் கருதப்படும் சில குலங்களுக்கிடையிலும் கூடாது. எது எதற்கு உடன்பிறப்பு என்று அறிந்தவர் தாம்பா. இன்றைய அடையாள அட்டைகளிலோ மோக்தான், கீசிங், வைபா, யோஞ்சன் போன்ற குலப்பெயர்கள் பலருக்கு இல்லை. வெறும் ‘தாமங்’ அல்லது ‘லாமா’ என்றிருக்கிறது. அட்டையிலும் இல்லை, பாடுகிறவரும் இல்லை என்றால் பிறகு யாரைக் கேட்பது?

இது தானாக நேர்ந்த தேய்வு அல்ல. 1854இன் முலுகி ஐன் சட்டம் இவர்களை அடிமைப்படுத்தத்தக்க சாதிகளில் வைத்தது. தலைநகருக்கு அருகில் வாழ்ந்ததன் பலன், அரண்மனைக்குச் சுமை தூக்கும் கட்டாய ஊழியம். ‘தாமங்’ என்ற பெயருக்கே 1932இல்தான் அரச ஏற்பு கிடைத்தது. 1999இல் உள்ளாட்சி அலுவலகங்களில் வட்டார மொழிகளைப் பயன்படுத்தக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. அந்த வழக்கு நேவாரி எனப்படும் நேபாள பாஷா, மைதிலி பற்றியது என்றாலும் செய்தி எல்லோருக்கும் எட்டியது. 2015 நிலநடுக்கம் தாமங் மலைகளைக் கடுமையாகத் தாக்கியது. ரசுவாவில் லாங்டாங் கிராமம் பனிச்சரிவில் புதைந்தது. இளைஞர்களோ ஏற்கெனவே மலேசியாவிலும் வளைகுடாவிலும்.

இப்போது பாக்மதி மாகாணம் நேபாளியோடு தாமங்கையும் நேபாள பாஷாவையும் அலுவல் மொழியாக்கியிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் தாமங் தொனி மொழி. ஒரே ஒலிச்சேர்க்கை தொனி மாறினால் வேறு சொல். வழக்கமான தேவநாகரி எழுத்தில் தொனி முழுதாகப் பதிவாகாது. அதைவிட்டுத் திபெத்திய மரபு எழுத்துக்குப் போவதா என்ற விவாதமும் ஓயவில்லை. காதால் கேட்டு வளராத குழந்தை எந்த எழுத்தில் படித்தாலும் பாதிதான் கிடைக்கும்.

லோசார் மேடைக்குச் செலவிடும் சங்கங்கள் முதலில் ஒலிப்பதிவுக் கருவியோடு தாம்பாவின் வீட்டுக்கும் போம்போவின் வீட்டுக்கும் போகட்டும். மேடைக்கேற்ற ஐந்து நிமிடத் துண்டு போதாது. ஓர் இரவின் ஓதல் முழுவதையும், ஊர்ப்பெயர்களோடும் குலப்பெயர்களோடும், பதிவு செய்யட்டும். கூடவே ஒரு பேரப்பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைக்கட்டும்.