மாசி வீதியில் தேர் திரும்பும் விதம்

கீழக்குயில்குடியில் ஒரு கல்யாணம் நிச்சயமானால் ஜவுளிக்கும் பலசரக்குக்கும் மதுரை மாசி வீதிகளுக்குத்தான் கிளம்புவார்கள். நமக்கு அது கடைவீதி. ஆனால் அந்த நான்கு வீதிகள் மீதும் முதல் உரிமை ஓர் இயந்திரத்துக்கு உண்டு. அதுதான் தேர்.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதிகள் என்று சதுரத்தைச் சுற்றிச் சதுரமாக ஊர் விரிகிறது. மாசியில் நடந்த தேரோட்டத்தைத் திருமலை நாயக்கர் (1623–1659) சித்திரைக்கு மாற்றினார் என்பது மதுரையின் வழக்கு. மாதம் மாறியும் தேர் ஓடும் வீதி மாறவில்லை. திருக்கல்யாணத்துக்கு மறுநாள் சுவாமி பெரிய தேரிலும் அம்மன் சிறிய தேரிலும் கீழமாசி வீதித் தேரடியிலிருந்து புறப்படுகிறார்கள்.

தேரில் திருப்புவதற்கென்று ஒரு பொறி கிடையாது. அச்சு அடிப்பாகத்தோடு அசையாமல் பிணைந்திருக்கிறது. சக்கரம் முன்னும் பின்னும் உருளுமே தவிர, பக்கம் பார்க்காது. நின்ற தேரை அசைக்கச் சன்னை மரம் என்னும் நெம்புகோலைப் பின்சக்கரத்தடியில் கொடுத்து எழுப்புவார்கள். அதே நேரத்தில் முன்னால் வடம் இறுகும். ஒருமுறை உருளத் தொடங்கிவிட்டால் அந்தப் பாரத்தை நிறுத்துவது எளிதல்ல. அப்புறம் தேரை ஆள்வது முட்டுக்கட்டை.

ஆப்பு வடிவில் செதுக்கிய கெட்டி மரக்கட்டை அது. சக்கரத்துக்கு நேராக வைத்தால் தேர் நிற்கும். சாய்த்து வைத்தால் சக்கரம் அதன்மீது ஏறிச் சறுக்கிச் சில அங்குலம் பக்கவாட்டில் இறங்கும். பிரதட்சிணம் என்பதால் மாசி வீதியின் நான்கு மூலைகளிலும் வலப்பக்கத் திருப்பம்தான். வலச்சக்கரத்தைக் கட்டை தாமதப்படுத்த, இடச்சக்கரம் முந்திக்கொள்ள, தேர் கொஞ்சம் கொஞ்சமாக முகம் திருப்பும். இதைச் செய்கிறவர்கள் உருளும் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்து நடக்கிறார்கள். வடம் பிடிப்பவர்களைப் போல ஆயிரம் மடங்கு போற்றப்பட வேண்டியவர்கள் அவர்கள். திருச்சி பெல் நிறுவனம் பல கோயில் தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறது. அப்படியும் முட்டுக்கட்டைக்காரரின் கண்ணுக்கு மாற்று வரவில்லை.

தேரின் மேலே அசையும் தொம்பைகள் என்னும் துணிக்குழல்களும் அலங்காரத் துணிகளும் தையற்காரர் கைவேலை. திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் தையல் மெஷின்களை வரிசையாகப் போட்டு அமர்ந்திருந்தவர்களிடம் இத்தகைய வேலை பல காலம் நடந்தது.

தேர் போகிற வழியே போனால் ஊரின் கதையும் வந்துவிடும். கீழமாசி வீதி மொத்தப் பலசரக்கின் இடம். அருகே விளக்குத்தூண், பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை வெளியே வளரவிட்ட கலெக்டர் பிளாக்பர்னின் நினைவுச் சின்னம். மேலமாசி வீதியில் இம்மையில் நன்மை தருவார் கோயில். காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று அரையாடைக்கு மாறியதும் இதே வீதியில்தான். இங்குள்ள மதனகோபால சுவாமி கோயிலின் மண்டபத் தூண்களை 1912-இல் அடலின் பெப்பர் கிப்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி விலைக்கு வாங்கினார். இப்போது அவை பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. அவை இங்கேயே இருந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்கு எப்போதும் தோன்றும். வடக்குமாசி வீதியில் கிருஷ்ணன் கோயிலையும் ராமாயணச் சாவடியையும் கடந்து தேர் நிலைக்குத் திரும்பும்.

தேரோட்டம் பார்க்கக் கீழக்குயில்குடிப் பக்கமிருந்து வருகிறவர்கள் பெரியார் பேருந்து நிலையத்தில் இறங்கி, தெற்குமாசி வீதி மேலமாசி வீதியைத் தொடும் மூலைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். கோபுரம்போல் வரும் அலங்காரத்தைக் கும்பிட்ட கையோடு, பாதுகாப்பான தூரத்தில் நின்று சக்கரத்தடியையும் பாருங்கள். நேரே போகும்போது எளிதாகத் தெரிகிற வேலை எவ்வளவு நுட்பமானது என்று அந்தத் திருப்பத்தில்தான் தெரியும்.