சாத்த மறுக்கும் கார்க் கதவு: பிழை பூட்டிலா, பிணைச்சலிலா?

எங்கள் வீட்டு மொறிஸ் மைனரின் இடப்பக்கக் கதவை நீண்ட காலமாக ஒரு நைலோன் கயிறுதான் பிடித்துக்கொண்டிருந்தது. கதவின் உள்பிடியிலிருந்து ஆசனத்தின் காலுக்கு அப்பா அதை இழுத்துக் கட்டியிருப்பார். அம்மா ஏறியதும் அவர் சுற்றிவந்து கதவைத் தூக்கி, இடுப்பால் ஒரு இடி இடித்துச் சாத்துவார். பிறகு கயிறு. அந்தக் கார் அப்படித்தான் என்று நாங்களும் பழகிவிட்டோம்.

கடந்த ஆண்டு சாவகச்சேரியில் ஒரு செத்தவீட்டுக்குப் போகும்போது, வளைவொன்றில் அந்தக் கதவு திறந்துகொண்டது. இருக்கைப் பட்டி இல்லாத கார். பின்னாலிருந்த நான் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன். கயிறு அறவில்லை, காயமும் இல்லை. அப்பா காரை நிறுத்தி, முடிச்சை இறுக்கிக் கட்டிவிட்டு மீண்டும் ஓட்டினார். அன்றிரவு நான் சொன்னேன்: "ஒண்டில் திருத்துவம், இல்லாட்டி விப்பம்."

முதல் கராஜில் பூட்டை மாற்றச் சொன்னார்கள். இரண்டாவது கராஜில், பூட்டின் நாக்கைப் பிடிக்கும் தூணிலுள்ள தகட்டைக் கழற்றிக் கீழே இறக்கிப் பூட்டினார்கள். ஒரு கிழமை கதவு நன்றாகச் சாத்தியது. பிறகு பழையபடி.

மூன்றாவதாகப் போனது ஒரு வயதான டிங்கர்காரரிடம். அவர் பூட்டைத் தொடவேயில்லை. கதவைப் பாதி திறந்து, அதன் பின் நுனியை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக மேலே தூக்கினார். 'டக்' என்று ஒரு சத்தம். கதவு கிட்டத்தட்ட கால் அங்குலம் மேலே வந்தது. "பிள்ளை, பூட்டு பாவம். இது பிணைச்சல்" என்றார்.

முதலில் தூக்கிப் பாருங்கள்

கதவு சாத்தவில்லை என்றால் நாம் பூட்டைத்தான் பார்க்கிறோம். சத்தம் அங்கே கேட்கிறது, இடி அங்கே விழுகிறது. ஆனால் கதவின் முழுப் பாரத்தையும் தாங்குவது மறுபக்கத்திலுள்ள இரண்டு பிணைச்சல்கள். அவற்றின் ஊசி தேய்ந்தால், அங்கே மயிரிழை அளவு இருக்கும் ஆட்டம் கதவின் மறுநுனியில் விரற்கடை அளவாகிவிடும். கதவு எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அது பெருகும். நான்கு கதவுக் கார்களைவிட இரண்டு கதவுக் கார்களிலும் ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இந்தத் தொல்லை கூடுதலாக வருவதற்கு இதுவே காரணம். அவற்றின் கதவுகள் நீளமானவை, பாரமானவை.

தூக்கும்போது எது அசைகிறது என்பதை இன்னொருவர் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பிணைச்சலின் இரு பாதிகளுக்கும் இடையே ஆட்டம் இருந்தால் ஊசி தேய்ந்திருக்கிறது. பிணைச்சல் முழுவதும் தூணை விட்டு அசைந்தால் ஆணிகள் தளர்ந்திருக்கின்றன. தூணே அசைந்தால் உள்ளே கறள் தின்றிருக்கிறது. அது வெல்டிங் வேலை, வீட்டில் செய்யக்கூடியதல்ல.

கதவு ஆடவேயில்லை, ஆனாலும் சாத்தவில்லை என்றால் உடலைப் பார்க்க வேண்டும். மொறிஸ் மைனர் 1948இல் வந்த கார். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்தது. அதற்கு லொறிக்கு இருப்பதுபோல் தனியான சட்டகம் கிடையாது. தகரத்தாலான உடலே எலும்பு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதி உக்கினால் நடு உடல் தொய்ந்துவிடும். கூரையில்லாத எம்.ஜி. மிட்ஜெட் போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களில் இது இன்னும் மோசம், ஏனென்றால் மேலே தாங்கிப் பிடிக்கக் கூரை இல்லை. கதவின் மேல்பக்க இடைவெளி ஒடுங்கிக் கீழ்ப்பக்கம் அகன்றிருந்தால் சந்தேகப்படுங்கள். ஜக் வைத்துக் காரை உயர்த்தும்போது கதவு இறுகிக்கொண்டால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

கண்ணாடியை இறக்கிப் பாருங்கள்

எல்லாக் கதவுக்கும் பிணைச்சல்தான் காரணம் என்றில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டுச் சாத்தும்போது இலகுவாக இருந்தால், உள்ளே அடைபடும் காற்றுத்தான் கதவைத் தள்ளுகிறது. அது பழுதல்ல.

அண்மையில் புது றப்பர் போட்டிருந்தால் அதையும் பாருங்கள். பழைய றப்பர் நசிந்து மெலிந்திருக்கும். புதியது தடித்து இறுக்கமாக நிற்கும். கடதாசித் துண்டொன்றை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்க்கலாம். ஓரிடத்தில் மட்டும் அசையாமல் இறுகிப் பிடித்தால் அந்த இடத்து றப்பர்தான் தடுக்கிறது. சில நாட்கள் பொறுத்தால் படியும். வேறு காரின் றப்பரென்றால் எத்தனை நாள் போனாலும் படியாது.

இப்போதைய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் இல்லை. கதவைத் திறக்கும்போது கண்ணாடி தானாகச் சற்று இறங்கி, சாத்திய பின் ஏறும். பற்றரி இறங்கினாலோ, குளிர்நாட்டில் கண்ணாடி உறைந்து ஒட்டிக்கொண்டாலோ அது இறங்காது. அப்போது பலமாக அடித்தால் கண்ணாடி றப்பரில் முட்டி உடையக்கூடும்.

தகட்டைக் கடைசியில் தொடுங்கள்

வேலைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் பூட்டைத் துடைத்து மெல்லிய எண்ணெய் விட வேண்டும். காய்ந்த கிறீஸும் மண்ணும் போனதுமே பாதிக் கதவுகள் சரியாகிவிடும் என்றார் டிங்கர்காரர். அடுத்தது பிணைச்சல். அதன் பிறகு கதவைச் சுற்றியுள்ள இடைவெளி எங்கும் ஒரே அகலமா என்று பார்ப்பது. தூணிலுள்ள தகட்டைக் கடைசியில்தான் தொட வேண்டும். பூட்டின் நாக்கில் சிறிது கிறீஸைத் தடவிக் கதவை மெதுவாகச் சாத்தினால், தகட்டில் எங்கே முட்டுகிறது என்று அடையாளம் விழும்.

தொங்கும் கதவுக்காகத் தகட்டை இறக்குவது, பிழையான கதவுக்கு நல்ல தூணைப் பழக்குவது. ஊசி மேலும் தேயும், கதவு மேலும் இறங்கும், தகட்டை இறக்க இடமிருக்காது. எங்களுக்கு ஒரு கிழமைக்குள் நடந்தது அதுதான்.

பிணைச்சல்களைக் கழற்றிப் பார்த்தபோது அவர் அப்பாவிடம் கேட்டார்: "அண்ணை, இந்தக் கதவு எப்பவாவது முன்னுக்கு மடங்கினதோ?" மேல் பிணைச்சலின் ஓரம் வளைந்திருந்தது. வெறும் தேய்மானத்தால் அப்படி வளையாது.

அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "நாவற்குழியில" என்றார்.

1995 ஒக்டோபர் 30. வலிகாமம் முழுவதும் தெருவில். எனக்கு அப்போது ஏழு வயது. மழை, இருட்டு, அடிமேல் அடி வைத்து நகரும் சனம். பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத காலம். கார்புரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டிய கார் அது. தெரியாத ஒரு வயோதிபரை ஏற்றுவதற்காக அப்பா இடப்பக்கக் கதவைத் திறந்திருக்கிறார். பின்னால் நெருக்கிவந்த லான்ட்மாஸ்டரின் பெட்டி கதவில் கொழுவி அதை முன்னுக்கு மடக்கிவிட்டது. கதவு அளவுக்கு மேல் திறக்காமல் பிடிக்கும் பட்டி அறுந்தது. அதற்குப் பின் கதவு சாத்தவில்லை. யாரோ மூட்டை கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துத் தந்தார்கள்.

இதை அவர் எங்களுக்குச் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

திருத்த ஒன்றரை நாள் ஆனது. கதவின் கீழே மரக்கட்டையும் மடித்த சாக்கும் வைத்து ஜக்கால் தாங்கி, பிணைச்சல்கள் இருந்த இடத்தைப் பென்சிலால் கோடிட்ட பிறகே ஆணிகளைக் கழற்றினார்கள். தனியாளாகச் செய்தால் கதவு விழுந்து காலை நசிக்கும். வளைந்ததை நிமிர்த்தி, ஊசித் துளைகளைச் சற்றுப் பெருப்பித்து, அதற்கேற்பத் தடித்த ஊசிகளை லேத் பட்டறையில் கடைந்து போட்டார்கள். பட்டியும் புதிது. கடைசியாகத் தகட்டை அதன் பழைய இடத்துக்கே உயர்த்தினார்கள்.

கயிற்றாலோ கம்பியாலோ கட்டிய கதவு உங்கள் காரிலும் இருந்தால், அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகளையோ வயது போனவர்களையோ இருத்தாதீர்கள். கதவின் நுனியை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். எப்போதிருந்து இப்படி என்று வீட்டிலுள்ள மூத்தவர்களைக் கேளுங்கள். திருத்துபவருக்கு அந்தப் பதில் உதவும்.

இப்போது அம்மா உள்ளேயிருந்து ஒரு கையால் கதவைச் சாத்துகிறார். அப்பா இன்னும் பழக்கதோஷத்தில் சுற்றிவந்து பக்கத்தில் நிற்கிறார்.