ஏவலை நிறைவேற்றும் இயக்கி

ஊர் சென்று திரும்பும் நம் குடும்பங்கள் ஆண்டுதோறும் ரயிலில் பல இரவுகளைக் கழிக்கின்றன. விரைந்தோடும் அத்துணைப் பெரிய வண்டியை, ஓட்டுநர் ஒரு சிறு கைப்பிடியைத் திருப்பி நிறுத்திவிடுகிறார். அவர் கைவலிமையா சக்கரங்களைப் பிடிக்கிறது? அன்று. ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் அவர் கட்டளையை நிறைவேற்ற ஓர் ஏவலாள் காத்திருக்கிறான். பொறியியலார் அவனை ஆக்சுவேட்டர் என்பர். நாம் இயக்கி எனலாம்.

சிறு கட்டளையைப் பெற்று, மின்சாரம், எண்ணெய் அழுத்தம், காற்றழுத்தம் போன்ற ஆற்றலொன்றால் ஒரு பொருளைத் தள்ளவோ இழுக்கவோ சுழற்றவோ வல்ல உறுப்பே இயக்கி. தண்டவாளப் பாதையை மாற்றும் பாயிண்ட் மெஷினில் இருப்பது மின் இயக்கி. மண் வெட்டும் இயந்திரத்தின் கையை உயர்த்துவது எண்ணெய் இயக்கி. ரயில் பெட்டியின் பிரேக் சிலிண்டர் காற்று இயக்கி.

சிலிண்டரினுள் உள்ள பிஸ்டனின் குறுக்களவு 20 செ.மீ. எனக் கொள்வோம். அதன் பரப்பு ஏறக்குறைய 314 சதுர செ.மீ. ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் காற்று 3.8 கிலோ அழுத்தினால், பிஸ்டனைத் தள்ளும் விசை ஏறக்குறைய 1,190 கிலோ! அவ்விசையே பிரேக் கட்டைகளைச் சக்கரத்தோடு அழுத்துகிறது.

இதில் வியப்பொன்று உண்டு. வண்டி நெடுகச் செல்லும் குழாயில் காற்றழுத்தம் 5 கிலோ அளவில் நிற்கும்வரை பிரேக் பிடிப்பதில்லை. அழுத்தம் குறைந்ததும் ஒரு வால்வு, பெட்டியிலுள்ள துணைக் கலத்தின் காற்றைச் சிலிண்டருக்குள் செலுத்துகிறது. மீண்டும் அழுத்தம் ஏறினால் அக்காற்று வெளியேற, ஸ்பிரிங் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. ஆகவே குழாய் அறுந்தாலும், வண்டி இரண்டாகப் பிரிந்தாலும் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும்.

இம்முறையை அமெரிக்கரான ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872 அளவில் உருவாக்கினார். ஆயினும் அயர்லாந்தில் ஆர்மா நகரருகே 1889 ஜூன் 12 அன்று உல்லாசப் பயணம் சென்ற வண்டியில் இத்தகைய தானியங்கி பிரேக் இல்லை. ஏற்றத்தில் நின்றுவிட்ட அவ்வண்டியைப் பிரித்தபோது பின்பகுதியின் பிரேக் பயனற்றுப்போக, பெட்டிகள் சரிவில் பின்னோக்கி ஓடிப் பின்வந்த வண்டியோடு மோதின. ஏறக்குறைய 80 உயிர்கள் மாண்டன. அவர்களுள் குழந்தைகள் பலர். அவ்வாண்டே பிரிட்டிஷ் பாராளுமன்றம் பயணி வண்டிகளுக்குத் தானியங்கி பிரேக்கைச் சட்டத்தால் கட்டாயமாக்கியது.

அபாயச் சங்கிலியை இழுக்கையில் நாம் திறந்துவிடுவதும் அக்குழாயின் காற்றையே. எந்தப் பெட்டியில் இழுக்கப்பட்டதெனக் கண்டு, வால்வை மூடி, குழாயில் காற்றை மீண்டும் நிரப்பிய பின்னரே வண்டி புறப்பட இயலும். மறந்துவிட்ட கூஜாவுக்காக அதனைத் தொடாதிருப்போம். ஓர் உயிருக்கு ஆபத்தெனில் ஒரு கணமும் தயங்காதிருப்போம்.