பாரிஸில் உறவுகளைப் பார்க்கப் போகிறீர்களா? எங்கே தங்குவது?

போர் சிதறடித்த உறவுகளைத் தேடிப் பாரிஸ் செல்வோருக்கு நாட்கள் குறைவு. கதைக்க வேண்டியவை அதிகம். ஈபிள் கோபுரத்தை அண்டிய அறைகள் விலை கூடியவை. எம்மவர் பலர் வாழ்வதோ லா கூர்னேவ் போன்ற வடக்குப் புறநகர்களில்.

இரண்டுக்கும் இடையில் இருப்பது லாச்சப்பல். கார் து நோர் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். விமான நிலையத்திலிருந்து வரும் ஆர்.ஈ.ஆர். 'பி' தொடருந்தும், லண்டனிலிருந்து வரும் யூரோஸ்டாரும் அந்நிலையத்துக்கே வருகின்றன. பிரெஞ்சு தெரியாத அம்மா அப்பாவும் தமிழ்க் கடைகளில் தாமாகவே சாமான் வாங்கலாம். பிரதான வீதி இரைச்சலானது. உள்தெருவில் அறை எடுங்கள்.

லா கூர்னேவுக்கும் அதே 'பி' தொடருந்துதான். ஆனால் விரைவுத் தொடருந்துகள் அங்கு நிற்பதில்லை. ஏறுமுன் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள்.

கோபுரத்தை ஒரு பின்னேரத்தில் பார்த்துவிடலாம். பல வருடம் காணாத சகோதரங்களுக்கு ஒரு பின்னேரம் போதாது.