வாசல் வாய் திறக்காத பொடி

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ‘பயர் ஆபீஸ்’ என்றால் பட்டாசு ஆலை. அங்கே மருந்து அறைக்குள் இரும்புக்கு அனுமதி இல்லை. புழங்கும் சாமான்கள் பித்தளை, செம்பு, மரம். இரும்பு உரசினால் பொறி பறக்கும். பொறி பட்டால் அறையே மிஞ்சாது. அந்த அறையில் வேலை பார்ப்பவர் மதுரை விமான நிலையத்தின் சோதனை வாசலைக் கடந்தால் என்ன ஆகும்? வாசல் வாயே திறக்காது, கையில் அலுமினியப் பொடி சாம்பல் பூத்திருந்தாலும்கூட.

அலுமினியம் உலோகம்தானே? உலோகம்தான். ஆனால் அந்த வாசல் தேடுவது உலோகத்தை அல்ல, மின்சாரம் சுழன்று ஓடக்கூடிய பொருளை. அதன் சட்டத்துக்குள் இருக்கும் கம்பிச்சுருள்களில் மின்னோட்டம் துடிக்கிறது, காந்தப்புலம் எழுகிறது. சாவிக்கொத்து அதில் புகுந்தால் அதற்குள்ளும் மின்னோட்டம் சுழலும்; அது உண்டாக்கும் எதிர்ப்புலத்தை உணர்ந்து வாசல் கூவும். பொடியிலோ ஒவ்வொரு துகளும் ஆக்சைடு போர்வை போர்த்தியிருக்கிறது. துகளுக்குத் துகள் மின்சாரம் தாவாது. பீங்கான் கத்தி, பிளாஸ்டிக், வெடிமருந்து எல்லாவற்றுக்கும் இதே கதைதான். துப்பாக்கி காட்டி விமானம் கடத்திய காலத்துக்காகப் பிறந்த வாசல் அது.

அந்த வாசலில் சிக்காததை எப்படிப் பிடிப்பது? இந்தக் கேள்விக்கு இந்தியா கொடுத்த விலை பெரிது. 1985 ஜூன் 22, டொரண்டோ. ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ விமானத்தில் ஏற்ற வேண்டிய பெட்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்த எக்ஸ்ரே இயந்திரம் பாதியில் பழுதானது. கையில் பிடித்து முகரவைக்கும் கருவி ஒன்றை எடுத்தார்கள். அது எப்படிக் கத்தும் என்று காட்ட, பக்கத்தில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டினார்கள். தீப்பெட்டி ஊர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கு வரவில்லை. அதே ஆண்டு ஜனவரியில் நடந்த சோதனையிலேயே, திறந்து வைத்த கரிமருந்தை ஓர் அங்குலத்துக்குள் நெருங்கினால்தான் அந்தக் கருவி கண்டுகொண்டது.

அன்று மாலை ஒரு பெட்டியின் அருகே கருவி லேசாகக் கீச்சிட்டது. நீண்ட அலறலுக்குக் காத்திருந்தவர்களுக்குக் கீச்சுச் சத்தம் கேட்டால் என்ன செய்வதென்று யாரும் சொல்லித் தரவில்லை. பெட்டி போய்விட்டது. வெடித்தது அந்தப் பெட்டிதான் என்று நான் சொல்ல வரவில்லை. மறுநாள் காலை அயர்லாந்துக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலுக்கு மேலே விமானம் வெடித்துச் சிதறியது. 329 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

பிளாஸ்டிக் வெடிமருந்துகள் காற்றில் சுலபமாகக் கலப்பதில்லை. ஆகவே முகர்வதைவிடத் துடைத்தெடுப்பது மேல். இன்று கையையும் பையையும் ஒரு சிறு துணித்துண்டால் துடைத்து இயந்திரத்தில் செருகுகிறார்களே, அது இதற்குத்தான். உள்ளே வெப்பம் துகளை ஆவியாக்கும். ஆவி மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் கொடுத்து, ஒரு குழாய்க்குள் எதிர்க்காற்றில் ஓடவிடுவார்கள். சாத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களில் கைவீசி நடப்பவர் முதலில் வீடு சேர்வார், மூட்டை சுமப்பவர் பின்னால் வருவார் அல்லவா? மூலக்கூறுகளும் அப்படித்தான். ஒவ்வொன்றும் வந்துசேரும் மில்லிவிநாடிக் கணக்கே அதன் அடையாளம். ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவு இருந்தாலே போதும்.

இவ்வளவு கூர்மை இருந்தால் அப்பாவிகளும் மாட்டத்தான் செய்வார்கள். உரம் தொட்ட விவசாயி, கிளிசரின் கலந்த க்ரீம் பூசியவர், நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் மருந்து வைத்திருப்பவர் என்று பலரிடமும் மணி அடிக்கலாம். வெடியுப்பும் கந்தகமும் புழங்கிய நம் ஊர்க் கை தப்புமா?

கையையும் பையையும் துடைத்தால் மட்டும் போதுமா? 2009 கிறிஸ்துமஸ் அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் போன விமானத்தில் ஒருவர் உள்ளாடையில் வெடிமருந்தைத் தைத்துக்கொண்டு ஏறினார். அது சரியாக வெடிக்காததால் பயணிகள் பிழைத்தார்கள். அதன் பிறகுதான் உடல் ஸ்கேனர் பரவியது. அது விடும் மில்லிமீட்டர் அலை துணிக்குள் புகுந்து, நீர் நிறைந்த தோலில் பட்டுத் திரும்பும். நடுவில் வேறு பொருள் இருந்தால் திரும்பும் அலை மாறும்; திரையில் ஒரு பொம்மை உருவத்தின் மேல் அந்த இடத்தில் கட்டம் விழும். எக்ஸ்ரே இதில் இல்லை, நம் உடலும் அப்படியே தெரிவதில்லை. இந்திய விமான நிலையங்களில் இதைப் பொருத்தும்படி விமானப் பாதுகாப்பு அமைப்பு 2019-ல் உத்தரவிட்டது. வேலை ஆமை வேகத்தில்தான் நகர்ந்தது. சேலைக் கொசுவமும் வியர்வையில் நனைந்த சட்டையும் அதைக் குழப்பக்கூடியவை. எங்கள் வெயிலில் எந்தச் சட்டை நனையாமல் இருக்கிறது?

ஆகவே, பயர் ஆபீஸ் வேலை பார்க்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, விமானம் ஏறும் நாளில் கையை நன்றாகக் கழுவி, வேலைக்குப் போடாத துணியையும் எடுத்துப்போகாத பையையும் பயன்படுத்துங்கள். மணி அடித்தால் பதற வேண்டாம். என்ன வேலை என்று நேராகச் சொல்லுங்கள். பேரனுக்கு என்று ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டியைக்கூட வைக்காதீர்கள். கைப்பையிலும் தடை, சரக்கில் போடும் பெட்டியிலும் தடை.